முடி கொட்டுகிறதா, உடைகிறதா?

பெங்களூருக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர்கள் ஆறாவது மாதம் தவறாமல் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "ஊர்ல இருந்தவரைக்கும் முடி நல்லாத்தான் இருந்துச்சு. இங்க வந்து இந்த போர் தண்ணியில குளிச்சதுதான், கொத்துக் கொத்தா கொட்டுது." டேங்கர்காரர் முதல் வீட்டு ஓனர் வரை எல்லோரும் இந்த வழக்கில் குற்றவாளிகள்.

தண்ணீர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதல். சோப்பு நுரைக்காது, உப்பு முடிமேல் படியும், சீப்பு சிக்கும். மயிர்க்காலுக்குள் நுழைந்து வேரைப் பிடுங்கும் வித்தை அதற்குத் தெரியாது. டைபாய்டு, டெங்கு, பிரசவம், தூக்கம் கெட்ட வேலை மாற்றம் என்று உடம்பு ஒரு உலுக்கு வாங்கினால், அதன் கணக்கைத் தலை இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தீர்க்கும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். தண்ணீர் மட்டும் தினமும் கண்ணெதிரே இருக்கும்.

நான் சி.வி. ராமன் நகரில் இருக்கிறேன், பள்ளியில் உயிரியல் சொல்லித்தருகிறேன். எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த குடும்பம் ஒன்று. அவர்களின் மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு இதுவரை நான்கு மொட்டை. குலதெய்வம் கோயிலில் ஒன்று, திருப்பதியில் ஒன்று, பழநியில் ஒன்று, நான்காவது "அடர்த்தியா வளரட்டும்" என்று தெருமுனை சலூனில். முடி ஒரு விரற்கடைக்கு மேல் வளர்ந்ததே இல்லை. பாட்டிக்குத் தண்ணீர் மேல் சந்தேகம், அம்மாவுக்கு நான்காவது மொட்டைக் கத்தி மேல் சந்தேகம். என்னிடம் கேட்டபோது நான் ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டேன்: "தலையணையில கிடக்கிற முடியோட அடியில வெள்ளையா ஒரு சின்னக் குமிழ் இருக்கா?"

இல்லை என்றார்கள். எல்லாம் துண்டு துண்டாக, இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல்.

கொட்டுவது வேறு, உடைவது வேறு. கொட்டுகிற முடி மயிர்க்காலிலிருந்து முழுசாகக் கழன்று வரும். அடியில் குமிழ் இருக்கும். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை இப்படிக் கழன்று விழுவது இயல்பு. உடைகிற முடியில் வேர் தலையிலேயே பத்திரமாக இருக்கும். தண்டுதான் நடுவில் ஒடியும். அந்தக் குழந்தையின் தலையில் முடி முளைக்காமல் இல்லை. முளைத்தது எல்லாம் நீளும் முன்பே ஒடிந்துகொண்டிருந்தது. அப்படியானால் பார்க்கவேண்டியது தண்டு எதனால் ஆனது என்பதை.

அது கெரட்டின். நகம், மாட்டுக் கொம்பு, குதிரைக் குளம்பு, ஆட்டு ரோமம் எல்லாம் இந்தப் புரதக் குடும்பம்தான். மயிர் என்ற நல்ல சொல்லை வசவாக்கிவிட்டோம், மயிர்க்கால், மயிரிழை என்று ஒன்றிரண்டு இடத்தில்தான் அது மானத்தோடு பிழைத்திருக்கிறது. அந்த மயிர்க்காலின் அடிக்கிண்ணத்தில்தான் உயிருள்ள செல்கள் பிரிந்து பெருகுகின்றன. மேலே தள்ளப்படும்போது ஒவ்வொரு செல்லும் தன் வயிற்றை முழுக்கக் கெரட்டின் நூலால் நிரப்பிக்கொண்டு, பிறகு செத்துவிடுகிறது. தோலுக்கு மேலே நாம் எண்ணெய் தேய்த்துச் சீவுவது அந்தச் செத்த செல்களின் கெட்டியான தண்டை. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வது போலத் தெரிவதும், கீழே புதிது சேர்வதால் மேலே உள்ளது நகர்வதுதான்.

மொட்டை ஏன் பலிப்பதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. கத்தி சீவுவது செத்த தண்டை. செய்முறை இருப்பது பல மில்லிமீட்டர் ஆழத்தில். மொட்டைக்குப் பிறகு முடி தடித்துத் தெரிவதற்குக் காரணம், கூர்மையாக மெலிந்திருந்த நுனி போய் மழுங்கிய வெட்டுமுனை வெளியே வருவதுதான்.

இனி கெரட்டினுக்குள் போவோம். மனிதருக்குக் கெரட்டின் மரபணுக்கள் 54. இவை இரண்டு தெருக்களில் குடியிருக்கின்றன. முதல் வகை 28-உம் பெரும்பாலும் 17-ஆம் குரோமோசோமில். இரண்டாம் வகை 26-உம் 12-ஆம் குரோமோசோமில். கெரட்டின் தனியாக நிற்கவே நிற்காது. முதல் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் ஒன்றும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால்தான் நூல். ஒரு தெருவில் மாப்பிள்ளை, இன்னொரு தெருவில் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்காக முதல் வகையைச் சேர்ந்த 18-ஆம் எண் கெரட்டின் மட்டும் தன் சோடியான 8-ஆம் எண்ணுக்குப் பக்கத்திலேயே, 12-ஆம் குரோமோசோமில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

முடித்தண்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை முதல் வகையில் 11, இரண்டாம் வகையில் 6. இரண்டாம் வகை ஆறுக்கும் கே.ஆர்.டி. (கெரட்டின் மரபணு என்பதன் சுருக்கம்) 81 முதல் 86 வரை அடுத்தடுத்த கதவு எண்கள். எல்லாம் ஒரே இடத்தில் வேலை செய்வதும் இல்லை. 85 மயிர்க்காலின் அடியில் முதலில் விழித்துக்கொள்ளும். 81, 83, 86 மூன்றும் சற்று மேலே, தண்டின் சதைப்பகுதியில். 82 வெளிச்செதிலில். 84 முடியில் வேலை கிடைக்காமல் நாக்கின் சொரசொரப்புக்குப் போய்விட்டது.

இரண்டு நூல் முறுக்கி ஒரு சோடி. இரண்டு சோடி பக்கவாட்டில் சேர்ந்து நால்வர் குழு. அப்படிப் பல குழுக்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, குறுக்கே வெட்டினால் ஏறத்தாழ 32 நூல் தெரிகிற ஓர் இழை. தேங்காய் நாரிலிருந்து கயிறு, கயிற்றிலிருந்து வடம் என்று திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. இழைகளுக்கு நடுவே வேறு சிறு புரதங்கள் பசை போலப் பாய்கின்றன. எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுவது கந்தகப் பாலம். கெரட்டினில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் உண்டு. இரண்டு சிஸ்டீன்கள் கைகோத்தால் ஒரு பாலம். முடி கருகினால் வரும் நாற்றம் இந்தக் கந்தகத்தின் நாற்றம். சலூனில் முடியை நிரந்தரமாக நேராக்கும்போது மருந்து செய்வது இந்தப் பாலங்களை உடைத்து வேறு இடத்தில் மறுபடி கட்டுவதைத்தான். வீட்டில் அயர்ன் வைத்து நேராக்குவது அதைவிடப் பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் தொடும். அதனால்தான் மாலைத் தூறலில் நனைந்ததும் முடி பழைய குணத்துக்குத் திரும்பிவிடுகிறது.

புரதம் என்பது முறுக்கிய கயிறு என்ற எண்ணமே கம்பளியிலிருந்து தொடங்கியதுதான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் கம்பளி ஆலைகளின் ஊர். அங்கே 1930-களில் வில்லியம் ஆஸ்ட்பரி என்ற இயற்பியலாளர் ஆட்டு ரோமத்தை இழுத்துப் பிடித்து எக்ஸ் கதிரில் படம் எடுத்தார். தளர்ந்த கெரட்டினுக்கு ஒரு வடிவம், இழுத்த கெரட்டினுக்கு இன்னொன்று என்று கண்டார். நம் பக்கத்திலும் ஒரு கயிற்றுக்காரர் இருந்தார். எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனிடம் பயின்றவர். 1954-இல் சென்னையில் இருந்தபடி, தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் மூன்று புரிக் கயிறு என்று சொன்னார். முடியின் கெரட்டின் இரண்டு புரி. பின்னாளில் அவர் பெங்களூருக்கே திரும்பிவந்து மூலக்கூறு உயிரி இயற்பியல் துறையைத் தொடங்கினார். என் வீட்டுப் பேட்டைக்கு அவருடைய ஆசிரியரின் பெயர் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சரி, குழந்தையிடம் வருவோம். தோல் டாக்டர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியைத் தலையில் வைத்துப் பார்த்ததும் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்: மோனிலெத்ரிக்ஸ். லத்தீனில் மோனிலே என்றால் கழுத்தணி, கிரேக்கத்தில் த்ரிக்ஸ் என்றால் முடி. 1879-இல் டப்ளினில் வால்டர் ஸ்மித் என்ற மருத்துவர் முதலில் விவரித்த அரிய பரம்பரை நோய். அவர்கள் தந்த வெட்டுமுடி ஒன்றை நான் பள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மணி, இடுக்கு, மணி, இடுக்கு என்று ஒரே சீராக, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில். பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது கே.ஆர். மார்க்கெட்டில் கோத்து வைத்திருக்கும் கனகாம்பரச் சரம்.

இங்கே எல்லோரும் ஒரு தவறு செய்வோம், நானும் செய்தேன். உப்பலாக இருக்கும் மணியைத்தான் நோய் என்று நினைப்போம். மணியின் பருமன்தான் அந்த முடியின் இயல்பான பருமன். நோய் இடுக்கில் இருக்கிறது. அந்த இடத்தில் தண்டு மெலிந்துபோய், சீப்போ தலையணையோ பட்டால் ஒடிகிறது. பின்னந்தலையும் பிடரியும்தான் அதிகம் உரசும் இடங்கள், முதலில் சொட்டையாவதும் அவைதான். ஒடிந்த முடியின் அடிக்கட்டைகளைச் சுற்றிச் சின்னச் சின்ன முண்டு எழும்பி, தடவினால் உப்புத்தாள் போல உறுத்தும். முடி ஒரு மணி நீளம் வளர இரண்டு மூன்று நாள் ஆகிறது. ஏன் இப்படித் தாளம் போட்டது போல மெலிந்தும் தடித்தும் வருகிறது என்ற முடிச்சை ஆய்வாளர்களே இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை.

மரபணு எது என்பது 1997-இல் தெரிந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் முடிக் கெரட்டினில் பிழையைக் கண்டுபிடித்தார்கள்: இன்றைய பெயரில் கே.ஆர்.டி. 86, கே.ஆர்.டி. 81. பிறகு 83-உம் சேர்ந்தது. பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை 86-இல் உள்ளது. அந்தப் புரதம் 486 அமினோ அமிலங்கள் கோத்த சரம். அதில் 413-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். டி.என்.ஏ.வில் ஜி என்ற ஓர் எழுத்து ஏ என்று மாறிவிட்டால் அங்கே லைசின் வந்து உட்காருகிறது. முன்னது எதிர்மின்சுமை, பின்னது நேர்மின்சுமை. காந்தத்தைத் திருப்பி வைத்தது போல, ஒட்டவேண்டிய இடம் தள்ளுகிறது. அதிலும் 413 என்பது முறுக்குப் பகுதி முடிகிற முனை. ஒரு குழுவின் தலையும் அடுத்த குழுவின் வாலும் கைகோக்கும் இடம் அதுவே. கயிற்றின் நடுவில் ஒரு நார் பிசிறினால் சமாளிக்கலாம், முடிச்சுப் போடும் முனையில் பிசிறினால் சமாளிக்க முடியாது. தோலின் கெரட்டினிலும் இதே கதைதான். 5, 14 ஆகிய எண்களின் முறுக்கு முனைகளில் பிழை வந்தால், லேசாக உரசினாலே தோல் கொப்புளித்துவிடும்.

நாம் ஒவ்வொரு மரபணுவையும் இரண்டு பிரதியாக வைத்திருக்கிறோம், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டாலும் இன்னொன்று நல்லதுதானே, அது பார்த்துக்கொள்ளாதா? பல புரதங்களில் பார்த்துக்கொள்ளும். கயிற்றில் பார்த்துக்கொள்ளாது. பாதி நல்ல நாரும் பாதி மக்கிய நாரும் கலந்து கொட்டிக்கிடக்க, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் திரித்தால், மக்கிய நார் கலக்காத ஒரு கயிறாவது தேறுமா? 32 நூல் சேரும் இழையில் பழுது எங்காவது ஓரிடத்தில் நுழைந்தே தீரும். ஆகவே ஒரே ஒரு கெட்ட பிரதி போதும், நோய் தெரியும். இதை ஓங்கு மரபு என்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இரண்டாவதற்கு வராது என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. அதே பிழை இருக்கும் ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தலையே வெறிச்சோடியிருக்கும், இன்னொருவருக்குப் பிடரியில் கொஞ்சம் சொரசொரப்போடு நின்றுவிடும்.

மோனிலெத்ரிக்ஸில் இன்னொரு வகையும் உண்டு, அதில் கெரட்டின் குற்றவாளி இல்லை. செல்லையும் செல்லையும் ஒட்டும் டெஸ்மோகிளைன் 4 என்ற பசைப் புரதத்தில் பிழை. பசை விஷயத்தில் ஒரு நல்ல பிரதி இருந்தால் போதும், ஒட்டிவிடும். இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய். இது ஒடுங்கு மரபு. அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் நம்மிடமும் கன்னடத்தாரிடமும் வழக்கம்தானே. ஒரே முன்னோரின் கெட்ட பிரதி இரு பக்கமிருந்தும் வந்து சேர அங்கே வாய்ப்பு அதிகம். சொந்தத்தில் கட்டாத வீட்டில் தலைமுறைதோறும் தெரிந்தால் கெரட்டின் பக்கம் சந்தேகம் போகும். சொந்தத்தில் கட்டி, பெற்றோர் இருவரும் நல்ல முடியோடு இருந்து பிள்ளைக்கு மட்டும் வந்தால் பசையின் பக்கம். உறுதியாகச் சொல்ல மரபணுப் பரிசோதனைதான் வேண்டும். பெங்களூரில் அதற்கு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனெடிக்ஸ் போன்ற இடங்கள் இருக்கின்றன.

தண்டில் இல்லாத கெரட்டின்களும் முடியைக் கெடுக்கும், அல்லது அழகாக்கும். இடியாப்ப அச்சு எப்படியோ மாவும் அப்படி. மயிர்க்காலுக்குள் முடித்தண்டைச் சுற்றி ஓர் உள்ளுறை இருக்கிறது. அது தண்டுக்கு முன்பே கெட்டியாகி அதற்கு வடிவம் கொடுக்கிறது. அந்த உறையின் கெரட்டின்களான 71, 74, 25 ஆகியவற்றில் மாற்றம் வந்தால் முடி கம்பளிச் சுருளாகும். இந்திராநகர்ப் பூங்காவில் வாக்கிங் போகும் பூடில் நாயின் சுருட்டை 71-இல் வந்த ஒரு மாற்றம்தான். முடியே இல்லாதது போலத் தெரியும் ஸ்பிங்க்ஸ் பூனையும் அதே மரபணுவின் வேறொரு பிழை. 75-இல் உள்ள ஒரு சின்ன மாற்றத்தால், சவரம் செய்த தாடி மயிர் உள்ளே வளைந்து குத்திக் கட்டி கட்டியாக எழும்பும் தொல்லை வர வாய்ப்புக் கூடுகிறது. ஆண்களின் வழுக்கை மட்டும் இந்தத் தெருக்காரர்களின் வேலை இல்லை. அது ஹார்மோன் சம்பந்தப்பட்ட வேறு மரபணுக்களின் கூட்டுக் கைவரிசை.

அந்தக் குழந்தையின் அம்மா கேட்டார்: "அப்போ கெரட்டின் ட்ரீட்மென்ட் பண்ணினா சரியாயிடுமா டீச்சர்? மால்ல போர்டு போட்டிருக்காங்க." பெயர்ப் பொருத்தம் பிரமாதம், பலன்தான் இல்லை. அங்கே பூசுவது துண்டாக்கிய கெரட்டினை, செத்த தண்டின் மேல். மயிர்க்காலின் செய்முறைச் சீட்டில் உள்ள பிழையை அது எட்டாது. போதாக்குறைக்கு அந்தக் கலவைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறும், சூட்டுக்கருவி வேறு வைப்பார்கள். இந்தக் குழந்தைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் திருத்தாது.

இதற்கு முழு நிவாரணம் இன்று கிடையாது. செய்யக்கூடியது உரசலைக் குறைப்பது. இழுத்துப் பின்னாமல் இருப்பது, அகலப் பல் சீப்பு, சூடும் ரசாயனமும் வேண்டாம், வழுவழுப்பான தலையணை உறை. சிலருக்கு மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்து ஓரளவு உதவியிருக்கிறது. அதையும் டாக்டர் சொன்னால்தான். நல்ல செய்தியும் உண்டு. வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே குறையும். ஆனால் குழந்தையின் முடி ஒடிகிறதென்றால் இதுவாகத்தான் இருக்கும் என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதிவிடக் கூடாது. உடம்பு தாமிரத்தைக் கையாள முடியாத மெங்க்ஸ் நோயிலும் கைக்குழந்தையின் முடி முறுக்கிக்கொண்டு ஒடியும். அது மூளையைத் தாக்கும் கடுமையான நோய்.

பாட்டிக்கு ஒரு விஷயம் மட்டும் ஒப்பவில்லை. "பொறக்கும்போது கருகருன்னு இருந்துச்சே டீச்சரம்மா, நானே பார்த்தேனே. கண்ணு பட்டுடுச்சு." பாட்டி பார்த்தது சரிதான். இந்த நோயில் பிறந்தபோது உள்ள முடி பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். சில வாரம், சில மாதத்தில் அது உதிர்ந்து, அடுத்து முளைப்பதுதான் மணிச்சரமாக வரும். நம் வீடுகளில் முதல் மொட்டை விழுவதும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில். பழி கத்தி மேலும் கண் மேலும் விழாமல் வேறென்ன ஆகும்?

எனக்கும் ஒன்று இடித்தது. அவர்கள் சொந்தத்தில் கட்டவில்லை. பாட்டிக்கும் அம்மாவுக்கும் நல்ல முடி. அப்படியானால் இது யாரிடமிருந்து வந்தது? புதிதாகக் குழந்தையிடமே ஏற்பட்ட பிழையாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது குழந்தையின் அப்பா வேலை முடிந்து வந்தார். எப்போதும் ஒட்ட வெட்டிய மிலிட்டரி கட். ஹெல்மெட்டைக் கழற்றியபடி, "எங்கப்பாவும் இப்படித்தான், கடைசிவரைக்கும் தலைமுடி வச்சதே இல்ல" என்றார். திரும்பி நிற்கச் சொல்லிப் பிடரியைப் பார்த்தேன். உப்புத்தாள் போல முண்டு முண்டாக இருந்தது. தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஹெல்மெட் போட்டுப் போட்டு வந்ததுன்னு நினைச்சேன்."